விருத்தாசலத்தில் நான்காவது தோள்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மதுரையில் சென்னை போகும் பகல் ரயிலில் ஏறினேன். தாம்பரத்தில் என் தங்கை மகளுக்கு ஞாயிறு மாலை நிச்சயதார்த்தம். நேராகவே போயிருக்கலாம். ஆனால் விருத்தாசலத்தில் இருக்கும் பிலோமினா, "வழியிலதான இருக்குது எங்க ஊரு, ஒரு நாளு எறங்கிட்டுப் போனா கொறஞ்சா போயிடுவ?" என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் ஒரே ஹாஸ்டல் அறை. அவள் ரோமன் கத்தோலிக்கம், நான் சி.எஸ்.ஐ. அப்போது இருவரும் மாதாவைப் பற்றிச் சண்டை போட்டோம். இப்போது இருவரும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். ஒற்றுமை இப்படித்தான் வருகிறது.

இந்தக் கட்டுரையில் நான் வர்ணிக்கப் போவதை வாசகர்கள் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாசிக்க வேண்டும். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை உலகம் எனக்குப் பால் கலந்த தண்ணீருக்குள் கிடக்கிறது. விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும், மனிதர்கள் ஓரம் கரைந்து வருவார்கள். என் வீட்டுக்காரர் இதைக் கஷ்டம் என்கிறார். எனக்கென்னவோ பிடித்துத்தான் இருக்கிறது.

தை பிறந்தும் பனி விடவில்லை. திண்டுக்கல் மலை பாதிதான் இருந்தது, மீதியைப் பனி வாங்கி வைத்திருந்தது. திருச்சியில் தயிர்சாதப் பொட்டலம் நாற்பது ரூபாய். கொள்ளிடத்து மணலைக் கடக்கும்போது நான் விழித்திருந்தேனா தூங்கினேனா என்று இப்போதும் நிச்சயமில்லை. அரியலூர் தாண்டியதும் எதிர் இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். பீங்கான் சாமான் வாங்கிப்போய் விற்கிற வியாபாரி. விருத்தாசலத்தில் என்ன விசேஷம் என்று கேட்டேன். என் வீட்டில் கரண்ட் போனால் பியூஸ் பெட்டியிலிருந்து கையில் பிடித்து உருவுகிறேனே ஒரு வெள்ளைக் கட்டை, அது அந்த ஊரில் செய்ததுதான் என்றார். கொலுவில் நான் பார்த்திருக்கக்கூடிய முருகரும் வள்ளியும், கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் மூன்று ராஜாக்களும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டாயில் பிறந்தவர்கள் என்றும் சொன்னார்.

பத்தரை மணிக்கு விருத்தாசலம் சந்திப்பு. மதுரையிலிருந்து சுமார் இருநூற்று எண்பது கிலோமீட்டர், டிக்கெட் நூற்று முப்பது ரூபாய். பாலக்கரைக்கு ஆட்டோக்காரர் நூறு கேட்டார், எண்பதுக்கு வந்தார். பெரிய கோயில் கோபுரம் பனிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மணிமுத்தாற்றில் தண்ணீரைவிட மணல் அதிகம். அதில் துணி உலர்த்தியிருந்தார்கள். புடவைகளின் நிறம் எனக்குத் தெரிந்தது, நுனி தெரியவில்லை. அதனால் அவை முடியாமல் போய்க்கொண்டே இருந்தன.

பிலோமினாவின் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவள் கணவர் நெய்வேலியில் ஷிப்டு வேலை. வீட்டில் இருக்கும்போதும் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதால் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்றாள். நாலு மணிக்கு அவள் வீட்டில் அன்பியக் கூட்டம். பங்கில், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட குடும்பங்களில், பதினைந்து இருபது வீடுகளைச் சேர்த்து ஒரு சிறு குழுவாக்கி, அதற்கு அன்பியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசிப்பார்கள். பாயில் ஓரமாக உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது.

எங்கள் சபையின் வேதபாட வகுப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் பெருமை பேசிவிடுகிறேன். எந்த ராஜா எத்தனை வருஷம் ஆண்டான், எந்தத் தீர்க்கதரிசியை எந்த மீன் விழுங்கியது, எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. வசனம் ஒப்பிப்பதில் நான் வென்ற எவர்சில்வர் தட்டுகளில்தான் எங்கள் வீட்டில் இன்றும் சாப்பிடுகிறோம். வகுப்பு முடிந்ததும் சுண்டல் கொடுப்பார்கள், வீட்டுக்குப் போவோம்.

பாலக்கரைப் பெண்களின் வழி வேறு. கூட்டம் ஆரம்பிப்பதே போன வாரத்துக் கணக்கோடுதான். ஒவ்வொரு கூட்டத்திலும் வாசித்த பகுதியிலிருந்து ஒரு வேலையை முடிவு செய்யாமல் யாரும் பாயைச் சுருட்டக் கூடாது என்பது சட்டம். அது கையாலும் காலாலும் செய்கிற வேலையாக இருக்க வேண்டும். "ஜெபிச்சுக்கறேன்" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். போன வாரம் பகைவரை நேசிப்பதைப் பற்றி வாசித்திருக்கிறார்கள். தையல் கடை ரோஸ்லி, தண்ணீர்க் குழாயடியில் வருஷக் கணக்காகச் சண்டை போட்டுவந்த பக்கத்து வீட்டுக்காரிக்குத் தன் குக்கரைக் கொடுத்திருக்கிறாள். குக்கர் திரும்பி வந்தது, கேஸ்கட் வரவில்லை. "நேசிச்சது நேசிச்சதுதான், கேஸ்கட்டு மட்டும் கேட்டு வாங்கலாமா?" என்பது அவளுடைய சந்தேகம். கேட்கலாம், ஆனால் சிரித்த முகத்தோடு கேட்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அன்றைய பகுதி மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரம். நாங்கள் சுவிசேஷம் என்போம். முடக்குவாதக்காரன் ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். இயேசு இருக்கிற வீட்டில் கூட்டம், உள்ளே போக வழியில்லை. மேலே ஏறிக் கூரையைப் பிரித்து அவனைக் கயிறு கட்டி இறக்குகிறார்கள். அவர் முதலில் அவன் பாவத்தை மன்னித்துவிட்டு அப்புறம்தான் எழுந்து நடக்கச் சொல்கிறார். இரண்டு முறை வாசித்தார்கள். மனதில் பட்ட வார்த்தையை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொன்னார்கள். ஒருத்தி கூரை என்றாள், ஒருத்தி நாலு பேர் என்றாள். பிறகு மௌனம். சன்னலுக்கு வெளியே வேப்பமரம் மஞ்சள் வெயிலில் ஆடியது, யாரோ எங்கோ ரொட்டி வண்டி மணி அடித்துக்கொண்டு போனார்கள். கேசரியும் காபியும் நடுவில் இருந்தும் யாரும் தொடாமல் அத்தனை பெண்கள் சும்மா இருப்பதை என் வாழ்நாளில் முதன்முதலாகப் பார்த்தேன்.

வேலை தானாகவே முடிவானது. அந்த அன்பியத்தில் சவரிமுத்து என்று ஒருவர் இருக்கிறார். சூளை வேலை பார்த்தவர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மாடி அறையை விட்டு இறங்கவில்லை. அவர் மருமகள் ஸ்டெல்லா கூட்டத்தில் இருந்தாள். சாமியார் வீட்டுக்கே நன்மை, நாங்கள் திருவிருந்து என்போமே அந்த அப்பம், கொண்டுவந்தாலும் மாமா வாங்குவதில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார், ஏன் என்று கேட்டால் பதில் இல்லை என்றாள். சாப்பாடும் குறைந்துகொண்டே வருகிறதாம். சரி, நாளைக் காலை எட்டு மணிப் பூசைக்கு அவரை நாற்காலியோடு தூக்கிப் போவது என்று தீர்மானம். ஆண்கள் யாரும் ஷிப்டிலிருந்து வர வழியில்லை. பிலோமினா, ரோஸ்லி, ஸ்டெல்லா என்று மூன்று பேர் சேர்ந்தார்கள். மற்றவர்கள் முட்டி, முதுகு, கைக்குழந்தை என்று ஒதுங்க, பிலோமினா என்னைப் பார்த்தாள். எனக்கும் முட்டி வலிதான். ஆனால் நாலு என்று எழுதியிருக்கிறதே.

ஞாயிறு காலை ஏழு மணி. பனி தெருவில் முழங்கால் அளவு நின்றது. மே மாதத்தில் பெண்கள் மாதா சப்பரம் தூக்க வைத்திருக்கும் இரண்டு மூங்கிலைக் கோயிலிலிருந்து வாங்கிவந்து, கைப்பிடி வைத்த தேக்கு நாற்காலியில் இரண்டு பக்கமும் கட்டியிருந்தார்கள். ரோஸ்லியின் தம்பி செல்வம், குட்டி யானை என்று எல்லாரும் சொல்லும் சின்னச் சரக்கு வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தான். குடலிறக்க ஆபரேஷன் ஆனவன், வண்டி ஓட்டலாம், பாரம் தூக்கக் கூடாது. நாங்கள் மாடி ஏறினோம்.

சவரிமுத்து இரும்புக் கட்டிலில் சன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். எலும்பான பெரிய ஆள், நரைத்த தாடி. பேச்சு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் புரிந்தது. நாற்காலியையும் மூங்கிலையும் எங்கள் நால்வரையும் வரிசையாகப் பார்த்தார்.

"செத்தவனுக்குப் பாடை, மாதாவுக்குச் சப்பரம். இது எதுல சேத்தி?" என்றார்.

ரோஸ்லி முந்தின நாள் வாசித்த கதையைச் சொல்லி, பூசைக்கு நேரமாகிறது, கிளம்புங்கள் என்றாள். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதை எனக்கும் தெரியும். நாலு பேரு தூக்கினாங்க. கூரையப் பிரிச்சாங்க. படுத்திருந்தவன யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா, வரியாடான்னு?"

அந்த அதிகாரத்தை நான் ஞாயிறு பள்ளியில் தலைகீழாக ஒப்பித்தவள். அதன் இருபத்தெட்டு வசனத்திலும் அவன் வாயைத் திறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வந்த வேகத்தில் நாங்களும் அவரைக் கேட்கவில்லை. முந்தின நாள் கூட்டத்தில் அத்தனை பேர் இருந்தோம், அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா என்று ஸ்டெல்லாவிடம் சொல்ல ஒருத்திக்கும் தோன்றவில்லை.

பிலோமினா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தப்புதாண்ணே. இப்ப கேக்கறன். உங்களுக்கு எங்க போவணும்?"

அவர் முகத்தைச் சன்னலிலிருந்து அவள் பக்கம் திருப்பினார். "காசிநாதன் கொட்டாய்க்கு. அவனாண்ட ஒண்ணு சொல்லணும். அதச் சொல்லாம நான் கோயிலுக்குள்ள வர மாட்டேன்."

பிறகு சொன்னார். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை நான் கோத்துச் சொல்கிறேன்.

காசிநாதன் ஊருக்கு வெளியே பீங்கான் பட்டறைகள் இருக்கும் செராமிக் எஸ்டேட்டில் பொம்மைக் கொட்டாய் வைத்திருப்பவர். சவரிமுத்து அவரிடம் சூளைக்காரராக இருந்தார். காசிநாதனின் தங்கை அஞ்சலை கணவன் இறந்தபின் அண்ணனிடம் வந்து, அதே கொட்டாயில் அச்சிலிருந்து பொம்மைகளை எடுத்துக் காயவைத்துச் சூளையில் அடுக்கும் வேலை பார்த்தாள். பக்கவாதம் வந்த வருஷப் பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததன் நினைவாகக் கோயிலில் சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருவராகச் சவரிமுத்துவின் பெயர் வந்தது. புது வேட்டி எடுத்தார். சூளை ஆற மறுநாள் வரை ஆகும். அதுவரை பக்கத்தை விட்டு நகராமல் அவர் இருந்து பார்த்துத் திறக்க வேண்டியவர். பூசைக்குப் போகிற அவசரத்தில், ஆறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாயங்காலமே கதவைத் திறந்துவிட்டார். உள்ளே காற்றுப் புகுந்தது. ஒவ்வொன்றாகக் கீறல் விடும் சத்தம் அவருக்குக் கேட்டதாம். ஒரு சூளைப் பொம்மை முழுக்கப் போயிற்று. காசிநாதன் ஆர்டர் பிடிக்கக் கும்பகோணம் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் சவரிமுத்து உடைந்ததையெல்லாம் வாரிக் குப்பையில் கொட்டிவிட்டு, அஞ்சலை ஈரப் பொம்மையை அடுக்கிவிட்டாள், அதனால் வெடித்துப்போயிற்று என்று சொன்னார். காசிநாதன் எல்லார் முன்னாலும் தங்கையை ஏசி வெளியே அனுப்பினார். அவள் கணவன் ஊரான நல்லூருக்குப் போய்விட்டாள். கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிறாளாம்.

"சாமியாரு கழுவி முத்தம் குடுத்தது இந்தக் காலத்தான்," என்று வலது காலை இடது கையால் தொட்டுக் காட்டினார். "இதத்தான் ஆண்டவரு எடுத்துக்கிட்டாரு."

"அதெல்லாம் இல்ல. அது ரத்தக் கொதிப்பு. நீங்க மாத்திரைய ஒழுங்காப் போடல," என்றாள் பிலோமினா. பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "காலு வேற கணக்கு, இது வேற கணக்குண்ணே" என்றாள்.

ஸ்டெல்லா கதவில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். இத்தனை நாள் அவர் சோற்றைத் தள்ளிவைத்தது தன் சமையலின் குற்றம் என்று நினைத்திருந்தாளாம். அப்போது கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. கத்தோலிக்கருக்கு ஞாயிறு பூசையை விடுவது சின்ன விஷயமல்ல. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காணிக்கையைப் பீடத்திலேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகிவிட்டு வரச் சொன்ன பகுதியையும் நாம்தானே வாசித்தோம், அப்போது சும்மாவா வாசித்தோம் என்றாள் ரோஸ்லி. வேலை மாறியது.

அவரை இறக்கிய கதையை விரிவாகச் சொன்னால் என் முட்டி மறுபடி வலிக்கும். படி நேர்ப்படி, ஆனால் ஒடுக்கம். முன்னால் போனவர்கள் உயர்த்திப் பிடிக்க வேண்டும், பின்னால் வந்தவர்கள் குனிய வேண்டும். நடுப்படியில் நாற்காலி சாய்ந்தபோது சவரிமுத்து இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் பயந்திருந்தார். நானும்தான். கீழே இறங்கி வெளிச்சம் முகத்தில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவையே பார்த்தார். செல்வம் கோயிலுக்குத்தானே என்று வண்டியைத் திருப்பினான். இல்லை, எஸ்டேட்டுக்கு என்றதும் அக்காவை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை மறுபடி திருப்பினான்.

அந்தச் சிறிய பயணத்தை நான் மறக்க மாட்டேன். சரக்கு வண்டியின் பின்தட்டில் நாற்காலியில் ஒருவர், அவரைச் சுற்றித் தரையில் நாங்கள் நால்வர். பனி விலகியும் விலகாமலும் இருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் சவரிமுத்துவை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார்கள், அவர் இடது கையைத் தூக்கினார். ஊர் வீடுகள் பின்னால் போனதும் எல்லாம் வெளுக்க ஆரம்பித்தது. சாலையோரப் புளிய இலையில் வெள்ளைத் தூசி, மதில்மேல் வெள்ளை, நாயின் முதுகில் வெள்ளை. என் கண்புரையா, ஊரா என்று எனக்கே குழப்பம். பிலோமினாவிடம் கேட்டேன். "ரெண்டுந்தான், பேசாம உக்காரு" என்றாள்.

எஸ்டேட்டுக்குள் ஞாயிறு அமைதி. காசிநாதன் கொட்டாய்க்குப் போகும் பாதை முழுக்கப் பொம்மைகளைக் காயவைத்திருந்ததால் வண்டி உள்ளே போகவில்லை. மூங்கிலைத் தோளில் ஏற்றிக்கொண்டோம். இரண்டு பக்கமும் இன்னும் சூளை காணாத, வர்ணம் காணாத பொம்மைகள். கண்ணுக்கு விழி வைக்காத பிள்ளையார்கள், புல்லாங்குழல் கையில் வராத கிருஷ்ணர்கள், ஆட்டுக்குட்டியை அணைத்த இடையர்கள். அத்தனை வெள்ளை முகங்களுக்கு நடுவே நாங்கள் நாலு பெண்கள் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு ஒற்றையடியாகப் போனோம். நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியவில்லை. தோள் வலி மட்டும் தரையில் இருப்பதை ஞாபகப்படுத்தியது.

காசிநாதன் உள்ளே அச்சில் மண் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், நெற்றியில் திருநீறு, முழங்கை வரை வெள்ளை. எங்களைப் பார்த்ததும் குவளை அந்தரத்தில் நின்றது. நாற்காலியை இறக்கினோம். பாதம் கழுவ நேரமாகிவிட்டதென்று தானே சூளையைத் திறந்ததையும், அஞ்சலைமேல் பழியைப் போட்டதையும் சவரிமுத்து சுற்றி வளைக்காமல் சொன்னார். சொல்ல வராத வார்த்தைகளுக்கு ஸ்டெல்லா உதவ வந்தாள். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டு, அந்த வார்த்தை வரும்வரை காத்திருந்து தானே சொன்னார். கடைசியில், "என்ன மன்னிச்சுக்கோ காசி" என்றார்.

காசிநாதன் குவளையைக் கீழே வைக்கவில்லை. அடுத்த அச்சில் ஊற்றினார், அதற்கடுத்ததில் ஊற்றினார். வரிசை தீர்ந்ததும் ஊற்ற ஒன்றும் இல்லாமல் நின்றார். இந்த மனிதர் இப்போது இவரை வெளியே போ என்று சொல்லிவிட்டால், இவர் மறுபடி அந்த மாடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார், பிறகு எழுந்திருக்க மாட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

"என்னாண்ட சொல்லிட்டு நீ பாரத்த எறக்கிட்டுப் போயிடலாம்னு பாக்கற," என்றார் காசிநாதன், குரல் உயராமல். "நீ பொய் சொன்ன. நான் நம்பினன். கூடப் பொறந்தவ, எதிர்லதான் நின்னா. நீ பண்ணியாம்மான்னு அவள ஒரு வார்த்த கேட்டனா? இந்தப் பொங்கலுக்குக்கூட வரிசை வெக்கல. நல்லூருக்குப் போ. அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் பொங்கல்படி என்போம். எந்தப் பேரில் சொன்னாலும், தைப் பொங்கலுக்கு அண்ணன் வீட்டிலிருந்து அரிசியும் கரும்பும் வராத பெண்ணின் வாசல் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சவரிமுத்துவின் முகத்தில் பயம் தெரிந்தது. காசிநாதனிடம் வருவதற்கே அவருக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "தூக்கறவங்க தூக்கினா வரன்" என்றார்.

பிலோமினா ரோஸ்லியைப் பார்த்தாள். ரோஸ்லி வாசலில் நின்ற தம்பியைப் பார்த்தாள். நல்லூர் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், டீசல் இருக்கிறது என்றான் அவன். ஆனால் அஞ்சலை இருப்பது ஊருக்கு வெளியே, வரப்பில் இறங்கி நடக்க வேண்டும், தூக்க நாலு பேரும் வேண்டும். அவன் தோள் கொடுக்க வழியில்லை.

மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு எனக்கு ரயில். அதை விட்டால் நிச்சயதார்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது. தங்கைக்குக் கணவர் இல்லை, தட்டு மாற்ற நான்தான் நிற்க வேண்டும். இதை அவர்களிடம் சொன்னேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பிலோமினாதான் முதலில், "போ எஸ்தரு, அதுவும் வேலதான்" என்றாள். நான் நாற்காலியின் பின்பக்க மூங்கில் முனையைப் பிடித்தபடியே நின்றேன். கையை எடுத்தால் அங்கே யாரும் இல்லை.

தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. காசிநாதன் கை கழுவிக்கொண்டிருந்தார். மண் முழுக்கப் போகவில்லை. தோள் துண்டை எடுத்துத் துடைத்து, அதையே மடித்துத் தோளில் சும்மாடாக வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். சவரிமுத்துவின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

"அந்தப் பக்கம் வுடுங்கம்மா. நான் புடிச்சிக்கறன்."

நால்வரும் ஒன்றாகத் தூக்கினார்கள். ஆண்பிள்ளைத் தோள் உயரம் என்பதால் அவர் பக்கம் நாற்காலி கொஞ்சம் ஏறி நின்றது. காசிநாதன் முழங்காலை மடக்கி, தன் தோளைப் பெண்களின் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டார். அந்த வெள்ளைப் பொம்மைகளுக்கு நடுவே அப்படிக் குனிந்தபடியே நடந்தார். சவரிமுத்து திரும்பிப் பார்க்க முயன்றார், கழுத்து அந்தப் பக்கம் வரவில்லை. தன்னைப் பின்னாலிருந்து தூக்குவது யார் என்று அவருக்குத் தெரியும். அவர் தோள்கள் குலுங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

பிலோமினா வீட்டில் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஆட்டோ நூற்றைம்பது. பேரம் பேசத் தோன்றவில்லை. ரயில் பத்து நிமிஷம் தாமதம், அதனால் கிடைத்தது. நல்லூரில் என்ன நடந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. இரவு பிலோமினா போனில் சொன்னாள். அஞ்சலை இருவரையும் வாசலிலேயே நிறுத்திக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாளாம், வெகுநேரம் கேட்டாளாம், யாரும் குறுக்கே பேசவில்லையாம். அதற்கப்புறம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம். மன்னித்தாளா என்று கேட்டேன். "தண்ணி குடுத்தா. அவ்ளோதான் தெரியும். அடுத்த வாரமும் போறோம்" என்றாள்.

அதெல்லாம் இரவுதான். பகலில் ரயில் விழுப்புரத்தைப் பார்த்து ஓடியது. நிச்சயதார்த்தப் பட்டுப்புடவையை மடியில் வைத்துக்கொண்டு, மேலே வைத்திருந்த பையிலிருந்து வேதாகமத்தை எடுத்தேன். பெரிய எழுத்துப் புத்தகம், ஆனாலும் எழுத்துகள் கரைந்து கரைந்துதான் வந்தன. மாற்கு இரண்டாம் அதிகாரத்தைக் கண்ணோடு ஒட்டிவைத்து வாசித்தேன். நாலு பேர் சுமந்தார்கள் என்று இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை. அவனுக்கு என்ன உறவு என்றும் இல்லை. நண்பர்கள் என்றுதான் எங்கள் வகுப்பில் சொல்லித் தந்தார்கள், நானும் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லித் தந்தேன். அவன் பாவம் மன்னிக்கப்பட்டது என்றால், அந்தப் பாவத்தால் அடிபட்டவன் என்று ஊரில் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா? படுக்கையின் ஒரு முனையை அந்த அடிபட்டவனே தூக்கியிருக்க மாட்டான் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.